குளிர் தண்ணீரும் என்சைம் சோப்புத்தூளும்

கேள்வி: என்சைம் உள்ள சோப்புத்தூள் பால் கறை, ரத்தக் கறையெல்லாம் போக்கும் என்கிறார்கள். எங்கள் ஊர்த் தண்ணீரில் ஒன்றும் நடக்கவில்லையே? ஸ்வெட்டருக்கும் போடலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: ஸ்வெட்டருக்கு வேண்டவே வேண்டாம். கம்பளி என்பதே கெரட்டின் என்ற புரதம், இந்த என்சைமின் வேலையோ புரதத்தை வெட்டுவது. பால், ரத்தக் கறையிலும் புரதம்தான் இருக்கிறது; கறை எது, ஸ்வெட்டர் எது என்று அதற்குத் தெரியாது. பட்டுக்கும் இதே கதிதான்.

பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களை வளர்த்து இந்த என்சைமை எடுக்கிறார்கள். புரதம் பெரிய மூலக்கூறு, அப்படியே செல்லுக்குள் நுழையாது, அதனால் பாக்டீரியா என்சைமை வெளியே சுரந்து, புரதத்தைத் துண்டு துண்டாக்கி, அப்புறம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. 1913-லேயே ஜெர்மனியின் ஓட்டோ ரோம், விலங்குக் கணைய என்சைமைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை வாங்கினார். ஆனால் சோப்பின் காரத்தில் அது தாக்குப்பிடிக்கவில்லை. காரத்தைத் தாங்கும் பாக்டீரியா என்சைமான சப்டிலிசின் வந்த பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. தோல் பதனிடும்போது சுண்ணாம்பு, சல்பைடைக் குறைத்து முடி நீக்கவும் இந்த வகை என்சைம்கள் உதவுகின்றன.

சரி, உங்கள் குளிருக்கு வருவோம். பழைய ரக என்சைம்கள் 50, 60 டிகிரியில்தான் நன்றாக ஓடும். குளிரில் சாகாது, மந்தமாகும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். ரத்தக் கறையை மட்டும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், வெந்நீர் பட்டால் நூலோடு பிடித்துக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் என்சைமும் கெட்டுவிடும்.