வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்

முடி கொட்டுவதையும் நகத்தில் உள்ள வெள்ளைப் புள்ளிகளையும் பற்றிக் கடிதத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில், 'செருப்பு கழன்றது தெரியாமல் நாலு அடி நடந்துவிட்டேன், சுண்டுவிரலில் கொப்புளம், ஆனால் வலி இல்லை' என்கிறீர்கள். முதலில் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான். முடியையும் நகத்தையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு வலிக்காத கொப்புளம் நல்லதல்ல. பாத நரம்புகள் மரத்துப்போயிருக்கலாம். வலித்தால் நாமாகவே காலைத் தூக்கி நடப்போம். வலி தெரியாததால் அதே இடம் மறுபடி மறுபடி அழுந்தி, புண் உள்ளே ஆழமாகிக்கொண்டே போகும். நாளைக்கே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். சிவப்பு, வீக்கம், சீழ், நாற்றம், கறுத்துப்போவது, காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் இன்றே போங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து 'தெரிகிறதா?' என்று கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுங்கள். அதுவரை கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். வெந்நீரிலும் காலை வைக்க வேண்டாம், சூடும் உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் அந்த மாத்திரை. சர்க்கரைக்கு நீங்கள் சாப்பிடும் மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கிட்னியின் வேலை குறைந்திருந்தால் டோஸைக் குறைப்போம், ரொம்பக் குறைந்தால் நிறுத்துவோம். அதை முடிவு செய்ய, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். இந்த மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும். நாளை போகும்போது மாத்திரையை நிறுத்திய விஷயத்தைச் சொல்லி, பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

'நோய் வந்தாச்சு, இனி நான் என்ன செய்து என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் வந்தது உங்கள் தப்பு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் மருத்துவர் உங்களைப் பார்ப்பது சில மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் பத்து நிமிடம். மற்ற நாளெல்லாம் அந்தக் கால் உங்களிடம்தான் இருக்கிறது. தினமும் படுக்கப் போகும் முன் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், விரல் இடுக்குகளையும் விரித்துப் பாருங்கள். ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். என்னிடம் வந்த ஒருவர் சட்டைப் பட்டன் ஒன்று ஷூவுக்குள் கிடந்தது தெரியாமல் நாள் முழுக்க நடந்திருந்தார். சாயங்காலம் காலுறையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

வெடிப்பு இருந்தால் பாதத்துக்கு க்ரீம் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். குனிய முடியவில்லை, கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை என்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். காலைக் காட்டக் கூச்சப்படாதீர்கள்.