தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலாண்டு உயிரியல் மாணவர்களுக்குக் கணக்கும் அறிக்கை எழுதவும் கற்றுத்தர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி வகுப்பு வைக்கலாமா?

வைக்காதீர்கள். தனி வகுப்பில் கணக்கு சரியாகவே போடுவார்கள். அடுத்த வாரம் பிராக்கில், அதாவது ஆய்வகச் செய்முறை வகுப்பில், நீர்த்த மடங்கால் பெருக்க மறந்து, பத்து மடங்கு குறைந்த விடையைக் கூச்சமில்லாமல் எழுதித் தருவார்கள். கணக்கும் எழுத்தும் ஒரே மேசையில், ஒரே மதியத்தில் நடக்க வேண்டும்.

நீங்கள் புதிதாகச் சேர்ந்த டெமி (பிராக்கில் மாணவர்களுக்குச் செய்து காட்டி உதவுபவர்), வாரத்துக்கு ஒரு மூன்று மணி நேர பிராக், எதிரே அறுபது பேர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "எல்லாம் மேத்ஸ் லிட் (பள்ளியில் கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும் எளிய கணக்குப் பாடம்) செய்த வினை" என்று கீழே பின்னூட்டத்தில் யாராவது எழுதுவார்கள். அதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அறிவியல் பட்டப் படிப்பில் சேர மேட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வில்) பொதுவாகக் கணிதத்தையே கேட்கிறார்கள். வந்திருப்பவர்களுக்கு வகையீடு தெரியும். 0.5 மோலார் (லிட்டருக்கு 0.5 மோல்) உப்புக் கரைசல் 250 மில்லி தயாரிக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள். பள்ளியில் அவர்கள் கையாண்ட எண்களுக்குப் பெரும்பாலும் அலகு இருந்ததில்லை.

அந்த உப்புக் கரைசலிலேயே தொடங்குங்கள். ஒரு மோல் உப்பின் எடையான 58.44 கிராமை 0.5ஆலும் 0.25 லிட்டராலும் பெருக்கினால் 7.305 கிராம். இதைப் பாதிப் பேர் சரியாகச் சொல்வார்கள். பிறகு செய்முறையை ஐந்து வரியில் எழுதச் சொல்லி, தாள்களைப் பக்கத்து மேசையோடு மாற்றிக்கொடுங்கள். எழுதியிருப்பதை மட்டுமே செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது. "250 மில்லி நீர் சேர்க்கவும்" என்று இருந்தால் அப்படியே சேர்ப்பார்கள், கரைசல் 250ஐத் தாண்டும். "200 மில்லியில் கரைத்து, 250 குறி வரை நிரப்பவும்" என்பதுதான் சரி. ஒரு சொல் பிசகினால் செறிவும் பிசகும் என்பதைக் கையால் செய்து பார்த்தவர்கள் மறப்பதில்லை.

அடுத்தது ஈஸ்ட் எண்ணுவது. ஒரு பருவம் முழுக்க ஒரே பயிற்சிதான் என்று சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். இருபது குடுவைகளில் ஒரே ஊட்டக் கரைசல், ஒரே அளவு ஈஸ்ட். பத்தை 20 டிகிரியிலும் பத்தை 30 டிகிரியிலும் முந்தின மாலையே வைத்துவிடுங்கள். மூன்று பேருக்கு ஒரு குடுவை. 1 மில்லி மாதிரியோடு 9 மில்லி நீர் என்று முழுதாக எழுத வையுங்கள். "ஒன்றுக்குப் பத்து" என்று எழுதினால் சிலர் 10 மில்லி நீரை ஊற்றி, பதினொரு மடங்கு நீர்த்துவிட்டு, பத்தால் பெருக்குவார்கள்.

நியூபவர் எண்ணு தகட்டின் (நுண்ணோக்கியில் செல் எண்ண உதவும், கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) நடுச் சதுரம் 1 மி.மீ.க்கு 1 மி.மீ., ஆழம் 0.1 மி.மீ. அதாவது ஒரு மில்லியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் 25 கட்டங்கள். நான்கு மூலையும் நடுவும் எண்ணினால் போதும். மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொடும் செல்லைச் சேர்க்க வேண்டும், கீழும் வலமும் தொடுவதை விட்டுவிட வேண்டும். ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும்; மொட்டு தாய்ச் செல்லில் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தால் தனிச் செல். இந்த விதிகளை எண்ணத் தொடங்கும் முன்பே கரும்பலகையில் எழுதாவிட்டால் ஆளுக்கு ஒரு விதி வைத்துக்கொள்வார்கள்.

21, 18, 25, 19, 22 என்று வந்தால் கூட்டல் 105. 25 கட்டத்தில் ஐந்தை மட்டும் எண்ணியதால் ஐந்தால் பெருக்கி 525, பத்தாயிரத்தால் பெருக்கி, நீர்த்தலுக்குப் பத்தால் பெருக்கினால் மில்லிக்கு 5.25 கோடி. இங்கே நிறுத்திக் கேளுங்கள்: கடைசி 5ஐ நம்பலாமா? 105 செல் எண்ணியதில் பிசகு அதன் வர்க்கமூலம், சுமார் 10. அதாவது பத்து சதவீதம். 5.3 கோடி என்பதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமையில்லை. பிசகை ஐந்து சதவீதமாக்க 400 செல் எண்ண வேண்டும். பொருளுள்ள இலக்கங்கள் பற்றிய பாடத்தை ஒரு மணி நேரம் நடத்துவதைவிட இந்த ஐந்து நிமிடம் மேல்.

பிறகு இருபது எண்களையும் பலகையில் போட்டு, திட்டவிலக்கத்தையும் திட்டப்பிழையையும் பிரித்துக் காட்டுங்கள். முதலாவது குடுவைக்குக் குடுவை எவ்வளவு மாறுகிறது என்பது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் பத்துக் குடுவை என்பதால், அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது. எதைப் படத்தில் போட்டாலும் எது என்று விளக்கக் குறிப்பில் சொல்லியாக வேண்டும். ஒரே குடுவையில் மூன்று முறை பிப்பெட் எடுத்துவிட்டு "மூன்று மாதிரிகள்" என்று எழுதும் கூட்டம் ஒன்று நிச்சயம் இருக்கும். அது ஒரு மாதிரிதான்.

எழுத்துக்கு ஒரே நிபந்தனை போதும்: முடிவு வாக்கியம் "வரைபடம் காட்டுகிறது" என்று தொடங்கக் கூடாது, ஈஸ்ட்டில் தொடங்க வேண்டும். "ஈஸ்ட் 30 டிகிரியில் இத்தனை மடங்கு அடர்த்தியாக வளர்ந்தது" என்று எழுத அந்த மடங்கைக் கணக்கிட்டே தீர வேண்டும். ஜூலு பேசும் மாணவர்கள் முதலில் ஜூலுவிலேயே தங்களுக்குள் பேசி முடிக்கட்டும், ஆங்கிலத் தாள் பிறகு. இதற்குக் கண்டனம் வரும், வரட்டும். தெரியாத கருத்தைத் தெரியாத மொழியில் ஒரே நேரத்தில் எழுதச் சொல்வது அநியாயம்.

இந்த ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. இங்கே அரசு முறைப்படி தசமத்துக்குக் காற்புள்ளி, ஆய்விதழ்களிலோ புள்ளி. கணினியின் வட்டார அமைப்பு தென்னாப்பிரிக்கா என்று இருந்தால், 5.3 என்று தட்டியதை எக்செல் எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எண் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்பதுதான் அடையாளம். சராசரி எடுக்கும்போது அந்தக் கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், எச்சரிக்கையும் வராது. பிராக் தொடங்கும் முன் எல்லாக் கணினியிலும் இதைச் சரிபாருங்கள்.

   

திருத்துவதற்கு: அறுபது தாளில் இலக்கணம் எல்லாம் திருத்த உட்கார்ந்தால் வாரம் போய்விடும். அலகு இருக்கிறதா, எத்தனை மாதிரி என்று சொல்லியிருக்கிறதா, முடிவு வாக்கியத்தில் எண் இருக்கிறதா, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். தாளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் மூன்று மணி நேரம். அடுத்த பிராக்குக்கு முன் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.