ஸ்லைடை யார் மறுபடி பார்த்தது?

இந்த வாரம் பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்

கேள்வி: அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு மருத்துவமனையில் நோய்க்குறியியல் துறைத் தலைவரே போதையில் வேலை பார்த்து, ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுகள் தப்பாகப் போயின என்று படித்தேன். கூட இருந்தவர்கள் ஒருவருக்குமா தெரியவில்லை, டாக்டர்?
- ஒரு வாசகி, திருச்சி

தெரியாமல் என்னம்மா! ஆர்க்கன்சா மாநிலத்தில் ஃபேயட்வில் ஊர். அந்தத் துறைத் தலைவர் ராபர்ட் மோரிஸ் லெவி அங்கே சேர்ந்தது 2005இல். போதையில் வருகிறார் என்று 2015இலேயே ஊழியர்கள் சொன்னார்கள். கூப்பிட்டுக் கேட்டார்கள், அவர் இல்லை என்றார், விஷயம் அத்தோடு முடிந்தது. 2016 மார்ச்சில் வேலை நேரத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் இருப்பது தெரிந்து இடைநீக்கம் செய்தார்கள். மூன்று மாதம் சிகிச்சை எடுத்துக்கொண்டு அக்டோபரில் திரும்பிவிட்டார்.

குடிக்கு அடிமையானவருக்குச் சிகிச்சை கொடுத்து வேலையும் கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். என் ஆத்திரம் வேறு. நோயாளியின் சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டியதுதான் ஸ்லைடு; அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வதுதான் எங்கள் வேலை. அவர் அதுவரை பார்த்த ஸ்லைடுகளை அப்போதே வெளியாள் வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஒருவர் படித்த ஸ்லைடுகளில் ஒரு பங்கை எடுத்து இன்னொரு மருத்துவர் மறுபடி படிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அங்கேயும் அது இருந்தது. ஆனால் தலைவரின் ஸ்லைடை மறுபடி பார்த்தவர் அவருக்குக் கீழே வேலை செய்தவர். அந்தத் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பும் தலைவர்தான். மாமியார் சமையலுக்கு மருமகள் மார்க் போடுகிற கதை. ஒரு வீரருக்கு இல்லாத வகைப் புற்றுநோயை லெவி எழுதினார். இன்னொரு மருத்துவரும் ஒப்புக்கொண்டார் என்று பதிவிலும் தானே பொய்யாகச் சேர்த்தார். அந்த வீரர் இறந்துபோனார்.

முன்னாள் ராணுவத்தினர் துறைக்குள்ளேயே தனி அதிகாரத்தோடு இயங்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2021 ஜூனில் இதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று சிலர் பேசாமல் இருந்தார்களாம். பழிவாங்குவார்களோ என்று சிலர் பயந்தார்களாம். எந்த லேபிலும் நடக்கக்கூடியதுதான். நான் விசாரணைக்குப் போயிருந்தால் பிழை விகிதத்தைக் கேட்டிருக்க மாட்டேன், ஸ்லைடு வெளியே போன ரிஜிஸ்டரைத்தான் முதலில் கேட்டிருப்பேன். இரண்டாவது மருத்துவர் கைக்கு ஸ்லைடே போகவில்லை என்றால் அவர் எதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்? அப்புறம், வருடக்கணக்கில் கருத்து வேறுபாடே இல்லாத ஒரு துறை என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நாங்கள் ரெண்டு பேர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தால் சண்டை வராமல் இருக்காது.

கேள்வி: திரும்ப வந்த பிறகு பரிசோதனையே செய்யவில்லையா?
- ஒரு வாசகர், கரூர்

செய்தார்கள். ரத்தம், சிறுநீர் என்று 42 மாதிரிகள். ஒன்றில்கூட ஆல்கஹால் இல்லை. அவர் 2-மீத்தைல்-2-பியூட்டனால் என்ற ரசாயனத்தை ஆன்லைனில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். போதை ஏறும், ஆனால் சாராயத்தில் இருக்கும் எத்தனாலைத் தேடுகிற வழக்கமான சோதனையில் சிக்காது. வேதியியல் தெரிந்தவர் ஆயிற்றே. தபாலில் வரவழைத்ததால் தபால் மோசடி என்றும் வழக்கு போட்டார்கள். 2018இல் வேலை போனது. தபால் மோசடியையும் ஒரு நோயாளியின் சாவுக்குக் காரணமானதையும் 2020இல் ஒப்புக்கொண்டார். 2021 ஜனவரியில் 20 வருடச் சிறை.

கேள்வி: பழைய நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை எப்படிச் சரிபார்த்தார்கள்?
- ஒரு நர்சிங் மாணவி, சேலம்

நல்ல கேள்வி. பயாப்சி சதையை மெழுகில் பதித்து பிளாக்காக வைத்திருப்போம். ஸ்லைடையும் பிளாக்கையும் பல வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. அவற்றை எடுத்து வெளி மருத்துவர்களை விட்டுப் படிக்கவைத்தார்கள். கிட்டத்தட்ட 34,000 கேஸ்கள். 3,000க்கு மேல் பிழைகள், அதாவது சுமார் 9 சதவீதம். எல்லாமே உயிரைப் பாதிக்கிற பிழை இல்லை. ஆனால் புரோஸ்டேட் புற்றுநோய் இருந்தும் இல்லை என்று எழுதப்பட்ட ஒருவர் அந்த நோயிலேயே இறந்திருக்கிறார். அவருடைய திசுவும் பத்திரமாகத்தான் இருந்தது. இன்னொரு ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.