110 கிலோமீட்டர் வேகம்தான், ஏன் அடிக்க முடிவதில்லை?

கேள்வி: பேஸ்பாலில் 150 கி.மீ. வேகத்தில் வரும் பந்தையே விளாசுகிறார்கள். பேஸ்பாலை ஒத்த ஆட்டமான பெண்களின் ஃபாஸ்ட்பிட்ச் (வேகப் பந்துவீச்சு) சாஃப்ட்பாலில் 110 கி.மீ. என்பதே நல்ல வேகம்; பந்தும் பெரியது. பிறகு ஏன் அடிப்பவர்கள் திணறுகிறார்கள்?

பதில்: தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பேஸ்பாலில் பந்தை வீசும் பிட்சர் கால்வைக்கும் பலகைக்கும், அடிப்பவர் அருகே இருக்கும் ஹோம்பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர். பெண்கள் சாஃப்ட்பாலில் 13.11 மீட்டர்தான். பிட்சர் முன்னே பாய்ந்து காலூன்றிப் பந்தை விடுவதால் அதிலும் ஏறத்தாழ 2 மீட்டர் குறைந்துவிடும். மிச்சமுள்ள 11 மீட்டரை 110 கி.மீ. வேகப் பந்து 0.36 நொடியில் கடக்கிறது. 150 கி.மீ. வேகத்தில் வரும் பேஸ்பாலுக்கோ 0.4 நொடி ஆகும். மட்டையைச் சுழற்ற மட்டுமே 0.15 நொடி வேண்டும். பந்தைப் பார்ப்பதும் முடிவெடுப்பதும் மீதி 0.2 நொடிக்குள்!

நேரத்தைவிடக் கோணம் பெரிய தொல்லை. பேஸ்பால் பிட்சர் 25 செ.மீ. மேட்டில் நின்று மேலிருந்து எறிகிறார். சாஃப்ட்பால் பிட்சர் சமதரையில் கையை முழுவட்டமாகச் சுழற்றி இடுப்பருகே விடுகிறார். தோளையும் முழங்கையையும் பார்த்துப் பந்தின் போக்கைக் கணித்துப் பழகிய கண்ணுக்கு இங்கே பிடிமானமே கிடைக்காது. 2003-இல் அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீகில் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவர் ஆல்பர்ட் பூஹோல்ஸ். மறு ஆண்டே ஒரு கண்காட்சி ஆட்டத்தில் சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச் அவரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறியவை) ஆட்டமிழக்கச் செய்தார். பூஹோல்ஸின் திறமை எங்கும் போய்விடவில்லை. அந்தப் பந்துவீச்சு அவர் கண்ணுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ரைஸ்பால் என்ற, மேலே எழுவதுபோல் தோன்றும் பந்து, உண்மையிலேயே நடுவழியில் மேலே எழும்புமா?

பதில்: எழும்பாது. இடுப்பருகிலிருந்து மேல்நோக்கி விடப்படுவதால் ஏறிவரும். ஆனால் பாதை மேல்நோக்கி வளையாது. 0.36 நொடியில் புவியீர்ப்பு பந்தை 60 செ.மீ.க்கு மேல் இறக்க வேண்டும். பின்சுழற்சி (பந்தின் மேற்புறம் பிட்சரை நோக்கிச் சுழல்வது) அந்த இறக்கத்தைக் குறைக்கிறது. இன்னும் தாழும் என்று மூளை எதிர்பார்த்த இடத்துக்கு மட்டை போகிறது; பந்து அதற்கு மேலே கடக்கிறது. இதே கைவீச்சில் முன்சுழற்சி கொடுத்தால் டிராப்பால், கூடுதலாக இறங்கும். வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்சப் பந்து 80 கி.மீ. வேகத்தில் வந்தால் அரை நொடி எடுக்கும், மட்டை முன்கூட்டியே சுழன்று முடிந்துவிடும்.

ரைஸ்பால் பழகுபவர்களிடம் அடிக்கடி காணும் பிழை, துப்பாக்கிக் குண்டு போன்ற சுழற்சி. அதில் மேல்தூக்கம் கிடைக்காது. பந்து தட்டையாக இடுப்புயரத்தில் வந்து நன்றாக அடிவாங்கும். பந்தைச் சுற்றி ஒரு கறுப்பு நாடா ஒட்டி, பந்து சுழலும் திசையிலேயே நாடா அமையும்படி பிடித்து வீசுங்கள். நாடா ஆடாமல் செங்குத்துக் கோடாகத் தெரிந்தால் பின்சுழற்சி சரி. விடும்போது விரல்கள் பந்துக்கு அடியில் இருக்க வேண்டும். கதவுக் குமிழைத் திருகுவது போல மணிக்கட்டைத் திருப்புங்கள்.

கேள்வி: அப்படியானால் பேட்டர் என்ன செய்யலாம்?

பதில்: முகத்தையும் சுழலும் கையையும் விட்டுவிட்டு, பந்து வெளிப்படும் இடுப்புப் பகுதியில் கண்ணை வையுங்கள். பிட்சரின் கை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும்போதே எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள். பந்து வெளிவந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. மட்டையை உடலோடு ஒட்டிக் குறுகலாகச் சுழற்றுங்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை, மட்டை பிடித்த கைகளுக்கு மேலே ஏறிவரும் பந்தைத் தொடவே வேண்டாம்.