ஏழு சீட்டர் கார், ஒரே நம்பர்ல ஆன்-ரோடு ரேட்: எதைக் கட்டணும், எதைக் கட்ட வேணாம்?

கேள்வி (கரூர்ல இருந்து ஒரு வாசகி): வணக்கம் மேடம். வீட்ல மாமனார் மாமியார், நாங்க ரெண்டு பேரு, பசங்க மூணு பேருன்னு மொத்தம் ஏழு பேரு. குலதெய்வம் கோயிலுக்குப் போகணும்னா கூட இருக்கற சின்ன கார்ல ரெண்டு ட்ரிப் அடிக்க வேண்டியிருக்கு. அதான் பேங்க் லோன் போட்டு ஒரு ஏழு சீட்டர் புக் பண்ணோம், 50,000 அட்வான்ஸ் கட்டியாச்சு. எக்ஸ்-ஷோரூம் 11,80,000, அதுல 30,000 டிஸ்கவுண்ட்னு சேல்ஸ் தம்பி வாட்ஸ்அப்ல அனுப்புனாரு. இப்ப வண்டி வந்துருச்சு, 15,60,300 கட்டுங்கன்னு கொட்டேஷன் தர்றாங்க. எங்க இன்சூரன்ஸும் ஆக்சஸரீஸ் கிட்டும் எடுத்தாதான் டிஸ்கவுண்டாம், வேணாம்னா கேன்சல் பண்ணிக்கங்க, அட்வான்ஸ் திரும்ப வராதுன்றாங்க. இப்பவும் பேரம் பேச முடியுமா, இல்ல மாட்டிக்கிட்டோமா?

பதில்:

நீங்க மாட்டிக்கல. பேரம் பேச நல்லாவே இடம் இருக்கு. ஆனா ஒன்னு முதல்லயே சொல்லிடறேன், டிஸ்கவுண்ட் குடுத்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் டீலரை கட்டாயப்படுத்தாது. ஒருத்தர் 10,000 தருவாரு, இன்னொருத்தர் ஒன்னுமே தர மாட்டாரு, அது அவங்க வியாபாரம். ஆனா தர்றேன்னு எழுத்துல சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டு, அப்புறமா புதுசா ஒரு கண்டிஷனை நுழைக்கறது வேற விஷயம், உங்க கேஸ்ல நடந்திருக்கறது அதுதான், உங்க பலமும் அங்கதான் இருக்கு.

நீங்க அனுப்புன கொட்டேஷன் போட்டோவை பெருசு பண்ணிப் பார்த்தேன். பிரிண்ட் பண்ண ஷீட், கடைசில 15,60,300-ஐ சுத்தி நீல பேனால ஒரு வட்டம். உங்ககிட்ட பேசறப்ப எல்லாரும் அந்த வட்டத்தை மட்டும்தான் காட்டியிருப்பாங்க. நாம அதுக்கு மேல இருக்கற வரிகளைப் பார்ப்போம், எது அரசாங்கத்துக்குப் போகுது, எது கடைக்குப் போகுதுன்னு பிரிச்சாலே பாதி குழப்பம் தீந்துடும்.

லைஃப் டாக்ஸ், அதான் வண்டிக்கு ஒரே தடவை கட்டற சாலை வரி, 2,12,400 போட்டிருக்காங்க, அது சரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 5 லட்சம் வரைக்கும் 12%, 5 லட்சத்துக்கு மேல 10 வரைக்கும் 13%, 10 லட்சத்துக்கு மேல 20 வரைக்கும் 18%, அதுக்கும் மேல 20%. உங்க வண்டி 11.80, அதுக்கு 18%. இதுல யாரும் ஒரு பைசா குறைக்க முடியாது. (இனிமே வாங்கப்போறவங்க இதை கவனிங்க, 9,90,000 வண்டிக்கு வரி 1,28,700 தான், 10,10,000 வண்டிக்கு 1,81,800. வேரியண்ட்ல 20,000 வித்தியாசம், வரில 53,100 வித்தியாசம். பெரிய ஸ்க்ரீன் வேணும்னு ஒரு படி மேல போறதுக்கு முன்னாடி இதை கணக்கு போட்டுப் பாருங்க.)

டிசிஎஸ் 11,800, அதுவும் சரிதான். 10 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு 1% புடிச்சு வருமான வரித்துறைக்கு கட்டணும். ஆனா இது செலவு இல்ல, உங்க வீட்டுக்காரர் பேர்ல வண்டி எடுத்தா அவரோட பான் கணக்குல வரவு வைக்கணும், ரிட்டர்ன் போடறப்ப வரில கழிச்சுக்கலாம், வரியே இல்லன்னா ரீஃபண்ட் கேக்கலாம். இந்த ஒரு வரியை மறந்துட்டு ஆயிரக்கணக்குல விட்டவங்க நிறைய பேரு.

ரிஜிஸ்ட்ரேஷன்னு 9,500. இது எனக்கு ஒத்து வரல. கார் பதிவுக் கட்டணம் 600, லோன் இருக்கறதால ஹைப்பாதிகேஷன் (வண்டி மேல பேங்க் கடன் இருக்குன்ற குறிப்பு) பதிய 1,500, ஸ்மார்ட் கார்டு 200, மொத்தம் 2,300. கூட சாலைப் பாதுகாப்பு வரி, சேவைக் கட்டணம்னு கொஞ்சம் வரும், அவ்வளவுதான். மீதி எதுக்குன்னு கேளுங்க. "ஆர்டிஓ ஆபீஸ் செலவு"ன்னு பதில் வந்தா ரசீது கேளுங்க. புது வண்டியை பதிய அப்ளை பண்றது டீலரோட கடமைன்னு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 41-லயே இருக்கு, உங்களுக்காக செய்யற உபகாரம் இல்ல அது. நம்பர் பிளேட் மாட்டாம வண்டியை வெளிய விடக்கூடாதுன்றதும் அதே பிரிவுதான்.

அடுத்தது ஹேண்ட்லிங் சார்ஜ் 14,500. கேட்டா கம்பெனி யார்டுல இருந்து வண்டியை கொண்டு வந்தது, கழுவுனது, பெட்ரோல் ஊத்துனதுன்னு சொல்வாங்க. எக்ஸ்-ஷோரூம் விலைன்னாலே ஷோரூமுக்கு வண்டி வந்து சேந்த விலைதான, அதுக்கு மேல எதுக்கு இன்னொரு தடவை? இப்படி ஒரு கட்டணத்தை எந்தச் சட்டமும் சொல்லல. இதை முழுசா எடுக்கச் சொல்லுங்க, பாதி குறைக்கறோம்னு வருவாங்க, ஒத்துக்காதீங்க.

எசென்ஷியல் கிட் 36,900. மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், சைடு பீடிங், கூடவே பெயிண்ட் ப்ரொடெக்ஷன்னு ஒரு கோட்டிங். இதுல உங்களுக்கு வேணுங்கறது ரெண்டு இருக்கலாம், எடுத்துக்கங்க. ஆனா மொத்தத்தையும் எடுத்தாதான் வண்டின்னா, அதைத்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பிரிவு 2(41) கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைன்னு சொல்லுது. ஒரு பொருள் வாங்க இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆகணும்னு நிபந்தனை போடறது அதுல நேரடியாவே வருது. 22,800 போட்டிருக்கற எக்ஸ்டெண்டட் வாரண்டியும் அதே மாதிரிதான். அது உங்க விருப்பம், கம்பெனி வாரண்டி முடியறதுக்குள்ள அப்புறமா கூட பெரும்பாலும் எடுத்துக்கலாம், இன்னைக்கே முடிவு பண்ணச் சொல்லி அவசரப்படுத்துனா விட்டுடுங்க.

இன்சூரன்ஸ் 72,400, பெரிய பேரம் இங்கதான். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், அதான் ஐஆர்டிஏஐ, 2017 நவம்பர்ல இருந்து டீலர்களுக்குன்னே தனி விதிமுறை வச்சிருக்கு, எங்ககிட்டதான் பாலிசி எடுக்கணும்னு வண்டி வாங்கறவங்களை கட்டாயப்படுத்தக் கூடாது. புது காருக்கு மூணு வருஷ தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு) கட்டாயம், 2018 செப்டம்பர்ல இருந்து அப்படித்தான். ஓன் டேமேஜ், அதான் உங்க வண்டிக்கு ஆகற சேதத்துக்கு, ஒரு வருஷம் எடுத்தா போதும். தேர்ட் பார்ட்டி ப்ரீமியம் எல்லா கம்பெனிலயும் ஒன்னுதான், வித்தியாசம் எல்லாம் ஓன் டேமேஜ்லயும் ஆட்-ஆன்லயும்தான் வரும். அதனால அதே ஐடிவி (வண்டி முழுசா போனா கிடைக்கற தொகை), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம க்ளெய்ம் தர்றது), அதே ஆட்-ஆன் எல்லாம் சரியா பொருந்தற மாதிரி வெளில ரெண்டு கம்பெனில கொட்டேஷன் வாங்கி மேஜைல வைங்க. ஐடிவியை குறைச்சு போட்டு ப்ரீமியம் கம்மின்னு காட்டறவங்களும் இருக்காங்க, அதையும் பாத்துக்கங்க.

இதுல இன்னொன்னு, உங்க பழைய கார்ல எத்தனை வருஷமா க்ளெய்ம் பண்ணல? நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடது இல்ல, ஓனரோடது. பழைய காரை வித்துட்டு அதே பேர்ல புது கார் எடுத்தா அந்த போனஸை புது வண்டியோட ஓன் டேமேஜ் ப்ரீமியத்துக்கு மாத்திக்கலாம், அஞ்சு வருஷம் க்ளெய்மே இல்லன்னா 50% வரைக்கும். பழைய இன்சூரன்ஸ் கம்பெனில இந்த போனஸுக்கான என்சிபி லெட்டர் வாங்கணும். நீங்களா கேக்காம யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. பழைய காரை எக்ஸ்சேஞ்ச்ல விடறதா இருந்தா இன்னொரு விஷயத்தையும் பாத்துக்கங்க, ஆர்சில பேர் மாறற வரைக்கும் அந்த வண்டி எங்கயாவது இடிச்சா பொறுப்பு உங்க தலைலதான்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் நவீன் குமார் வழக்குல சொல்லிடுச்சு. சாவியை குடுக்கறப்பவே தேதி, நேரம், கிலோமீட்டர் எல்லாம் எழுதின ரசீது வாங்குங்க, பேர் மாறுற வரைக்கும் விடாம கேளுங்க.

எக்ஸ்-ஷோரூம் விலையையும் சும்மா ஒத்துக்க வேணாம். 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறுச்சு, 4 மீட்டருக்கு மேல நீளமான பெட்ரோல், டீசல் கார்களுக்கு செஸ்ங்கற கூடுதல் வரி போயிடுச்சு, இப்ப நேரா 40%. எர்டிகா மாதிரி 1,500 சிசிக்கு உள்ள இருக்கற பெட்ரோல் ஏழு சீட்டருக்கு முன்னாடி ஜிஎஸ்டி 28-ம் செஸ் 17-ம் சேத்து 45% இருந்துச்சு. ட்ரைபர் மாதிரி 4 மீட்டருக்குள்ள, 1,200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் வண்டிக்கு 18% தான். புக் பண்ண தேதி எதுவா இருந்தாலும், வண்டி இப்பத்தான் பில் ஆகுதுன்னா பில்லுல இப்ப இருக்கற வரிதான் வரணும். கம்பெனி வெப்சைட்ல உங்க ஊர், உங்க வேரியண்ட் போட்டு விலையை பாத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க. தயாரிப்பு மாசமும் கேளுங்க, விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-ல அது இருக்கும். போன வருஷம் செஞ்ச வண்டியை இந்த வருஷ விலைக்கு தள்ளப் பாத்தா அதுக்குன்னே தனியா குறைக்கச் சொல்லலாம், ஏன்னா நாளைக்கு நீங்க விக்கறப்ப ஒரு வருஷம் பழசுன்னுதான் எடுப்பாங்க.

இப்ப நீங்க பயப்படற விஷயத்துக்கு வர்றேன், அந்த 50,000. அட்வான்ஸ் திரும்ப வராதுன்னு படிவத்துல அச்சடிச்சுட்டா மட்டும் முழுசா அமுக்கிட முடியாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 என்ன சொல்லுதுன்னா, எழுதி வச்ச தொகை எவ்வளவா இருந்தாலும் நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும். நஷ்டமே இல்லாத இடத்துல அட்வான்ஸை பறிமுதல் பண்ண முடியாதுன்னு 2015-ல கைலாஷ் நாத் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. நீங்க விட்டா அந்த வண்டி வெயிட்டிங்ல இருக்கற அடுத்த ஆளுக்கு போகும், அப்ப டீலருக்கு என்ன நஷ்டம்? அதுவும் போக, நீங்களா மனசு மாறி கேன்சல் பண்ணல, சொன்ன கண்டிஷனை மாத்துனது அவங்க. நீங்களா காரணமே இல்லாம கேன்சல் பண்ணியிருந்தா ஒரு சின்ன தொகையை கழிக்கறது நியாயம்னு நானே சொல்லியிருப்பேன்.

போன வருஷம் என்கிட்ட ஒரு குடும்பம் வந்துச்சு, இதே மாதிரி ஒரு ஷோரூம். அவங்க பண்ண ஒரே தப்பு, எல்லாத்தையும் போன்லயே பேசிட்டாங்க. டிஸ்கவுண்ட் சொன்ன சேல்ஸ்மேன் வேலையை விட்டு போயிட்டாரு, மேனேஜர் எனக்கு தெரியாதுன்னுட்டாரு. அந்தம்மா கண்ணுல தண்ணியோட புக்கிங் ஃபார்ம் கார்பன் காப்பியை நீட்டுனாங்க, அதுல டிஸ்கவுண்ட் எழுதற கட்டம் காலியா இருந்துச்சு. என்னால பெருசா ஒன்னும் வாங்கித்தர முடியல. உங்ககிட்ட வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கு, அதை அழிச்சுடாதீங்க, போனை மாத்துனாலும் பழைய போனை வச்சிருங்க. கேஸுன்னு வந்தா பாரதிய சாக்ஷிய சட்டம் பிரிவு 63-படி சான்றிதழோட அதை தாக்கல் பண்ணலாம்.

இன்னைக்கே டீலருக்கு ஒரு ஈமெயில் போடுங்க, காப்பி கம்பெனி கஸ்டமர் கேருக்கும் போகட்டும். சண்டை வேணாம், இப்படி எழுதுனா போதும்: "இந்தத் தேதில நீங்க வாட்ஸ்அப்ல 30,000 தள்ளுபடி சொன்னீங்க, அதுல வேற எந்த நிபந்தனையும் இல்ல. அதை நம்பித்தான் 50,000 கட்டினோம். இப்ப இன்சூரன்ஸும் கிட்டும் கட்டாயம்னு சொல்றீங்க. ஹேண்ட்லிங் சார்ஜ், கிட், எக்ஸ்டெண்டட் வாரண்டி இது மூணையும் நீக்கி, பதிவுக் கட்டணத்துக்கு ரசீது விவரம் சேத்து, தள்ளுபடியை பில்லுலயே காட்டி புது கொட்டேஷன் 3 நாளைக்குள்ள அனுப்புங்க. இன்சூரன்ஸ் நாங்களே எடுத்துக்கறோம். முடியாதுன்னா எங்க முன்பணத்தை முழுசா திருப்பி அனுப்புங்க." கணக்கு போட்டு பாருங்க, அந்த மூணு மட்டுமே 74,200 வருது, தள்ளுபடியும் சேந்தா ஒரு லட்சத்துக்கு மேல. இந்த மெயில் போனாலே பல இடத்துல மேனேஜரே கூப்பிட்டு பேசுவாங்க, அப்ப இன்சூரன்ஸை அவங்ககிட்டயே எடுக்கறேன், வெளி கம்பெனி ரேட்டுக்கே குடுங்கன்னு நீங்க ஒரு படி இறங்கி வரலாம், அதுல தப்பில்ல.

பதில் வரலைன்னா 1915-க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதியுங்க. அதுக்கும் அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். டீலர் கோயம்புத்தூர்ல இருந்தாலும் சரி, நீங்க குடியிருக்கற கரூர்லயே போடலாம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34 அதுக்கு இடம் குடுக்குது. 2 வருஷத்துக்குள்ள போடணும். கட்டுன தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே இல்ல, 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 400 ரூபாய்தான். ஈ-ஜாக்ருதி தளத்துல வீட்ல இருந்தே தாக்கல் பண்ணலாம், வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல. மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொன்னாலும் நடைமுறைல அதைவிட நாள் ஆகும், அதை மனசுல வச்சுக்கங்க.

வண்டி அவசரமா வேணும், மாமனாரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், காத்திருக்க முடியாதுன்னா ஒரு வழி இருக்கு. இந்தந்த தொகையை ஆட்சேபத்தோட கட்டறேன், திரும்ப கேக்கற உரிமையை விட்டுக்குடுக்கலன்னு ஈமெயில்ல எழுதிட்டு பேங்க் மூலமா கட்டி வண்டியை எடுங்க, அப்புறம் அந்த தொகைக்கு மட்டும் புகார் போடலாம். ரொக்கமா கையில குடுக்கவே குடுக்காதீங்க, 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டப்படியே தப்பு, கம்மியா குடுத்தாலும் நாளைக்கு நிரூபிக்க முடியாது. பணம் கட்டறதுக்கு முன்னாடி வண்டியை பகல் வெளிச்சத்துல நின்னு பாருங்க, சேசிஸ் நம்பர் பில்லோட ஒத்துப் போகுதான்னு ஒவ்வொரு எழுத்தா பாத்து டிக் பண்ணுங்க, கதவு ஓரத்துல பெயிண்ட் கலர் மாறியிருக்கான்னு பாருங்க. பதிவு ஆனப்புறம் வண்டியை மாத்தறது ரொம்ப கஷ்டம்.

உங்க கொழுந்தனார் சனி ஞாயிறுல வாடகைக்கு விடலாம்னு சொன்னதா கடைசில எழுதியிருக்கீங்க. வேணவே வேணாம். சொந்த உபயோக வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுனா பெர்மிட் பிரச்சனை, ஆக்சிடெண்ட் ஆனா இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிப்பாங்க, வியாபாரத்துக்கு வாங்குன வண்டின்னு சொல்லி நுகர்வோர் ஆணையத்துலயும் உங்க புகாரை எதிர்ப்பாங்க.

நீங்க புக்கிங் படிவத்தோட முன்பக்கம் மட்டும்தான் அனுப்பியிருக்கீங்க. பின்பக்கம் சின்ன எழுத்துல இருக்கற டெர்ம்ஸையும் தெளிவா போட்டோ எடுத்து அனுப்புங்க. டெலிவரி அன்னைக்கு என்ன விலையோ அதுதான்னு அங்க ஒரு வரி இருக்கும், கையெழுத்து போட்டிருந்தா விலை ஏத்தத்துக்கு பொதுவா அது செல்லும், ஆனா ஹேண்ட்லிங் சார்ஜையும் கிட்டையும் அந்த வரிக்குள்ள அடக்க முடியாது. கேன்சலேஷன் பத்தி அதுல என்ன வார்த்தை போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு அட்வான்ஸை திருப்பிக் கேக்கற நோட்டீஸை நானே எழுதித் தர்றேன்.