வெயில் வந்திட்டுது, மனசுதான் இன்னும் எழும்பேல்ல எண்ட தம்பிக்கு

தம்பி, போன செப்டெம்பரில காலேஜுக்கு எண்டு கனடாவுக்கு வந்து ரொறொன்ரோவில, ஸ்காபரோப் பக்கம் ஒரு பேஸ்மென்ற்றில இருக்கிறீங்கள், வின்ரர் முழுக்க மனசு பாரமாக் கிடந்தது, இப்ப மார்ச் முடியப்போகுது, கூடப் படிக்கிறவை எல்லாம் ஷோர்ட்ஸ் போட்டுக்கொண்டு சிரிச்சுத் திரியினம், எனக்கு மட்டும் ஒண்டும் மாறேல்ல, நீங்கள் எல்லாம் ஸ்பிறிங்குக்கு மனசை எப்பிடி ஃப்ரெஷ் ஆக்கிறனீங்கள் எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

உண்மையைச் சொன்னா மார்ச் இங்க ஒரு பொல்லாத மாசம். பேர்தான் வசந்தம், மரத்தில ஒரு இலை இல்லை, ரோட்டோரம் கறுத்த ஸ்னோவும் உப்பும் சேறும். அதுக்குள்ள ரெண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிடுவாங்கள், அதோட விடிய ஏழரை மட்டும் திரும்ப இருட்டு, நித்திரை குழம்பும், உங்களுக்கு ஏப்ரலில எக்ஸாமும் வருது. இதுக்குள்ள மனசு எப்பிடித் துள்ளும்? எங்கட ஊரில மாரியிலயும் கோடையிலயும் பகல் நீளம் ஒரு மணித்தியாலம் சொச்சம்தான் வித்தியாசப்படும். இங்க டிசெம்பரில பின்னேரம் நாலே முக்காலுக்கு முதலே பொழுது பட்டிடும், ஜூனில இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் நிக்கும். உடம்பு அதுக்குப் பழக ஒரு வருசமாவது வேணும், சிலருக்கு அதுக்கு மேலயும் எடுக்கும்.

அப்ப என்ன செய்யிறது எண்டா, நான் ஆருக்கும் முதல்ல சொல்லுறது காலமை வெளிச்சம்தான். எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள்ள வெளியில போய் அரை மணித்தியாலம் நடவுங்கோ. மப்பா இருந்தாலும் போங்கோ, மப்பு மூடின நாளிலயும் வெளியில ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் இருக்கும், பேஸ்மென்ற் பல்ப்புக்குக் கீழ ஒரு சில நூறுதான், அந்தச் சின்ன யன்னலுக்குப் பக்கத்தில இருந்து போன் பாக்கிறதையெல்லாம் வெயில் காயிறது எண்டு கணக்குப் போடாதைங்கோ. காலமை கண்ணில படுற வெளிச்சம்தான் உடம்புக்குள்ள இருக்கிற மணிக்கூட்டைச் சரிப்படுத்தி இரவு நித்திரையை நேரத்துக்குக் கொண்டுவரும். நித்திரை சரிவந்தா மிச்சம் கொஞ்சம் கொஞ்சமா இளகும். கடையில விக்கிற 10,000 லக்ஸ் லைற் வின்ரருக்கு நல்லம், ஆனா இப்ப வெளியில சும்மா கிடைக்கிறதுக்கு ஏன் காசு?

நடக்கிறதுக்கு மோர்னிங்சைட் பார்க் உங்களுக்குக் கிட்ட எண்டா அங்க ஹைலண்ட் கிறீக் ஓரமாப் போங்கோ, சேறு இருக்கும், பழைய சப்பாத்தைப் போடுங்கோ. ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில ஹை பார்க்கில செரி பூக்கும், கெனடி சப்வே ஸ்ரேசனில ஏறினா மாறாமல் ஹை பார்க் ஸ்ரேசனிலயே இறங்கலாம். 1959இல டோக்கியோக்காரர் குடுத்த மரங்கள் அதில இருக்கு. பூ ஒரு கிழமை, மிஞ்சிப்போனா பத்து நாள்தான் நிக்கும், சனி ஞாயிறு போனா எங்கட தேர்த்திருவிழாச் சனம், வகுப்பு இல்லாத வேலைநாளில காலமையே போங்கோ. ஆனா அந்த நேரம் மூக்கு ஒழுகிக் கண் கடிச்சா தடிமன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காமல் ஃபார்மசியில கேளுங்கோ, மரத்துப் பூந்தூள் அலர்ஜியா இருக்கும், அதுவும் ஆளை நல்லாச் சோர்வாக்கும்.

இன்னொரு விசயம், வீட்டுக்காரரிட்டக் கேட்டுப் பாருங்கோ பின் வளவில ஒரு சின்ன மூலை தருவினமோ எண்டு. எங்கட சனம் மே மாசத்தில வாற விக்ரோரியா டே லோங் வீக்கெண்டோடதான் தக்காளி, மிளகாய், வெண்டிக் கன்றை வெளியில நடும், வின்ரர் முழுக்க ஹோலுக்குள்ள வைச்சுக் காப்பாத்தின கறிவேப்பிலைச் சாடியும் அப்பதான் வெளிக்கிடும். விதையை இப்பவே ஒரு தயிர்ப் பேணிக்குள்ள போட்டு யன்னலடியில வைக்கலாம். காலமை எழும்பித் தண்ணி ஊத்த ஒண்டு இருக்கிறது பெரிய விசயம், அதோட அந்த வீட்டு அன்ரியோட கதைக்கவும் ஒரு சாட்டு கிடைக்கும், தனிய இருக்கிற பெடியனுக்கு அதுதான் கூடத் தேவை.

இனி நான் பகிடி விடாமல் சொல்லுறது. ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, ஒண்டிலயும் மனம் போகுதில்லை எண்டா நடையையும் பூவையும் நம்பிக்கொண்டு இருக்காதைங்கோ. வட நாடுகளில தற்கொலைகள் கூடுறது நடு வின்ரரில எண்டுதான் எல்லாரும் நினைக்கினம், ஆனா வசந்தத்திலதான் கூட எண்டு கனகாலமாத் தெரிஞ்ச விசயம். காலேஜில கவுன்சிலர் இருப்பினம், ஸ்டூடன்ற் இன்சூரன்ஸில என்ன கவராகுது எண்டும் அங்கயே கேளுங்கோ. உயிரை விட்டா என்ன எண்ட மாதிரி ஒரு யோசனை வந்தா கனடாவின்ர தற்கொலைத் தடுப்பு உதவி லைன் 988க்கு கோல் பண்ணுங்கோ, இல்லாட்டி ரெக்ஸ்ற் பண்ணுங்கோ, இரவு பகல் எந்நேரமும் எடுப்பினம், காசு இல்லை. விசாவுக்குப் பிரச்சினை வருமோ எண்டு கனபேர் பயந்து ஒளிக்கினம், 988க்கு எடுக்கிறதால ஒருத்தரும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டினம். அம்மாவுக்குச் சொன்னாக் கவலைப்படுவா எண்டா அண்ணை, மச்சான் ஆருக்காவது சொல்லிவையுங்கோ.

ஆ, அந்த வின்ரர் ஜக்கெட்டைத் தோய்ச்சு உள்ளுக்க வைச்சிடாதைங்கோ. சித்திரை வருசத்துக்குக் கோயிலுக்குப் போகேக்கயும் இங்க ஸ்னோ கொட்டும்.