கடைக்கால் குழியில் உருண்டைப் பாறை: அடிப்பாறையா, தனிக்கல்லா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது, நான்கடியில் ஒரு மூலையில் மட்டும் உருண்டையான பாறை தட்டுப்பட்டது; மற்ற இடமெல்லாம் மொரம்பு. தட்டினால் ‘கணீர்’ என்கிறது. ஆகவே அடிப்பாறைதான், அதன்மேலேயே கட்டலாம் என்கிறார் மேஸ்திரி. பழைய ஆறு உருட்டி வந்த கல் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். எது சரி?

பதில்: இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆறு உருட்டிய கல் வழவழப்பாக இருக்கும். பல வகைக் கற்களும் மணலும் அதனுடன் கலந்து கிடக்கும். உங்கள் கல்லோ, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே உருண்டையானது.

கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகள் பல ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவான அவை, மேலிருந்த பாரம் அரிப்பால் நீங்க நீங்க விரிந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டன. அவ்வெடிப்புகளில் இறங்கிய மழைநீர், கரைந்த கரியமில வாயுவால் இலேசான அமிலத்தன்மை பெற்று, பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்குகிறது; குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் மணலாக எஞ்சுகிறது. வெடிப்புகளால் பிரிந்த சதுரக் கட்டியின் முகத்தை ஒரு பக்கமும், விளிம்பை இரு பக்கமும், மூலையை மூன்று பக்கமும் நீர் தாக்குவதால், மூலைகளே முதலில் கரைந்து கட்டி உருண்டையாகிறது. கல்லின் ஓரத்தைச் சுத்தியலால் கொத்திப் பாருங்கள்: வெங்காயத் தோல்போலத் துருநிற ஏடுகள் கழன்று, விரலில் நசுக்கினால் பொடியாகும். நீங்கள் மொரம்பு என்பதும் அதே பாறையின் சிதைந்த பகுதியே. குன்றுகளின்மேல் யாரோ அடுக்கியதுபோல் நிற்கும் குண்டுக்கற்கள் பலவும், சுற்றியிருந்த மொரம்பை மழை கழுவிச் சென்றபின் எஞ்சியவைதான்.

ஓசையை நம்ப வேண்டாம். நடுப்பகுதி சிதையாத தனிக்கல்லும் கணீரென்றே ஒலிக்கும். கல்லைச் சுற்றி இரண்டடி கூடுதலாகத் தோண்டுங்கள். பக்கம் கீழே உள்வாங்கி, அடியில் கடப்பாரை மொரம்புக்குள் இறங்கினால் அது தனிக்கல். ஒரு மூலை கல்லிலும் மற்றவை மொரம்பிலும் நின்றால், கட்டடம் சமமின்றி அமிழ்ந்து சுவர் சாய்வாக விரிசல் விடும். எனவே கல்லை உடைத்து எடுத்துவிட்டு, எல்லாப் பக்கமும் கெட்டியான மொரம்பில் ஒரே மட்டத்தில் கடைக்கால் அமைப்பதே நல்லது. கல் அடியில் விரிந்துகொண்டே போனால் அது அடிப்பாறையின் மேடாக இருக்கலாம். அப்போதும் பொறியாளர் நேரில் பார்க்காமல் மேலே தொடராதீர்கள். கல் எடுத்த பள்ளத்தைத் தோண்டிய மண்ணால் மூடாமல், சிமெண்ட் குறைவாகச் சேர்த்த மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லுங்கள்.